ஏழு ஸ்லைடர், ஒரு குழாய்ச் சாவி: பிராமா பூட்டைப் பிரித்த கதை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தபோதுதான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. மகோகனி மரம், மூலைகளில் பித்தளைப் பட்டை, மூடியைத் திறந்து விரித்தால் சாய்வான எழுதுபலகையாகிவிடும். மேல்தோல் உரிந்திருந்தது. ஒரு கீல் ஆடியது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாவித்துளை வட்டமாக இருந்தது, நடுவில் ஒரு ஊசி நிமிர்ந்து நின்றது, ஓரத்தில் சிறிதாக ஒரு வெட்டு. அந்தத் துளைதான் என்னை நிறுத்தியது. அதைச் சுற்றி கிரீடம் ஒன்றும், 'ஜே. பிராமா', '124 பிக்காடில்லி' என்ற எழுத்துகளும் பொறித்திருந்தன.

"சாவி இல்ல சார். பூட்டு திறந்துதான் இருக்கு, பூட்டாம அப்படியே வச்சுக்கங்க" என்றார் கடைக்காரர். விலையை 4,500 ரூபாயில் முடித்தோம். பூட்டாமல் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

பிராமா யார் என்று ஒரு வார்த்தை. ஜோசப் பிராமா இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1748-இல் பிறந்தவர், தச்சு வேலையில் தொடங்கியவர். நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைத் தொட்டியைச் செம்மைப்படுத்தி 1778-இல் காப்புரிமை வாங்கினார். பூட்டுக்கு 1784-இல் வாங்கினார். திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ் 1795-இல். கழிப்பறை, பூட்டு, பிரஸ் என்று போகும் அந்த வரிசையைப் பார்த்தால் 'எது கசியுமோ அதை அடை' என்ற ஒரே புத்தி மூன்றிலும் வேலை செய்ததோ என்று தோன்றும். இது என் ஊகம்தான்.

பூட்டை முதலில் திண்டுக்கல்லுக்கு எடுத்துப்போனேன். மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். பூட்டு என்றால் வேறெங்கே போவது? அங்கே இன்னமும் கையால் மாங்காய்ப் பூட்டு செய்கிற ஒரு பெரியவர் அதை வாங்கி, சாவித்துளையில் ஒரு கம்பியை விட்டு அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்தார்.

"இது நம்ம லீவர் பூட்டு இல்லை தம்பி. நம்மதுல லீவரைச் சாவி தூக்கும். இதுல எல்லாத்தையும் உள்ள தள்ளுது. ஆனா சங்கதி ஒண்ணுதான். கம்மியா தூக்கினாலும் திறக்காது, கூடத் தூக்கினாலும் திறக்காது."

மொத்தப் பூட்டையும் அவர் அந்தக் கடைசி வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் அதைப் புரிந்துகொள்ள மேற்கொண்டு மூன்று வாரம் பிடித்தது. சாவி செய்ய முடியுமா என்று கேட்டேன். "பிரிச்சா முடியும். பிரிக்கறது உங்க தலைவிதி" என்று சிரித்தார்.

பெட்டியிலிருந்து பூட்டைக் கழற்றுவதே முதல் சோதனை. நான்கு பித்தளைத் திருகுகள், தலையில் மெல்லிய ஒற்றைக் கீறல். கடையில் வாங்கும் திருப்புளி அந்தக் கீறலுக்குத் தடிமன் அதிகம். பழைய திருப்புளி ஒன்றின் நுனியைக் கல்லில் தேய்த்து அந்தக் கீறலுக்கென்றே மெல்லிசாக்கினேன். இதைச் செய்யாமல் முரட்டுத்தனமாகத் திருகியிருந்தால் நான்கு தலையும் போயிருக்கும். பழைய சாமானில் கை வைப்பவர்கள் முதலில் திருப்புளியைச் செய்துகொள்ள வேண்டும், பிறகுதான் வேலை.

பூட்டின் பின்தகட்டைக் கழற்றினால் தாழ் தெரியும். தாழில் ஒரு வளைந்த குழி இருக்கிறது, அதற்குள் உருளையின் அடியில் மையம் விலகி நிற்கும் ஒரு குமிழ். உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் குமிழ் தாழை ஒரு பக்கம் தள்ளுகிறது, எதிர்ச்சுற்றில் திரும்ப இழுக்கிறது. இதில் ரகசியம் ஒன்றுமில்லை. ரகசியம் முழுக்க அந்த உருளைக்குள் இருக்கிறது.

உருளை பித்தளை, கட்டை விரல் நுனி அளவு. அதன் நீளவாக்கில், உள்பக்கத்திலிருந்து ஆரம் ஆரமாக ஏழு பிளவுகள். ஒவ்வொரு பிளவிலும் ஒரு ஸ்லைடர். ஸ்லைடர் என்றால் மெல்லிய எஃகுப் பட்டையை இரண்டாக மடித்ததுதான். மடித்திருப்பதால் லேசாக விரிந்து பிளவின் சுவர்களைப் பிடித்துக்கொள்ளும். தானாகச் சரியாது, தள்ளினால் மட்டும் நகரும். மேல் நுனியில் சிறிய பாதம் போல ஒரு படி, அதன் மேல்தான் சாவி உட்காரும். நடு ஊசியைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங். அதன் தலையில் ஒரு வளையம். வளையம் ஏழு ஸ்லைடர்களையும் சேர்த்துச் சாவித்துளைப் பக்கம் தள்ளி வைக்கிறது.

உருளையின் வெளிச்சுற்றில் இடுப்பில் அரைஞாண் கட்டின இடம் போல ஒரு காடி. அந்தக் காடிக்குள் ஒரு வட்டத் தகடு உட்கார்ந்திருக்கிறது. முழு வட்டமாக இருந்தால் உள்ளே நுழைக்க முடியாதே, அதனால் இரண்டு அரைவட்டங்கள். இரண்டும் வெளிக்கூட்டோடு திருகி இறுக்கப்பட்டவை, அசையாது. தகட்டின் உள்விளிம்பில் ஏழு பள்ளங்கள். ஸ்லைடர்கள் அந்தப் பள்ளங்கள் வழியாக மேலும் கீழும் போய்வரும். உருளையைத் திருப்பப் பார்த்தால் ஸ்லைடர்களின் முதுகு பள்ளங்களின் சுவரில் முட்டும். ஏழு பேர் ஏழு வாசலில் குறுக்கே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உருளை எப்படித் திரும்பும்? ஒவ்வொரு ஸ்லைடரின் முதுகிலும் ஒரு வெட்டு இருக்கிறது. ஏழுக்கும் ஏழு வேறு உயரத்தில். அந்த வெட்டு சரியாகத் தகட்டின் மட்டத்துக்கு வந்தால், அந்த ஸ்லைடர் தகட்டைக் கடந்து சுற்றலாம். ஏழு வெட்டுகளும் ஒரே நேரத்தில் ஒரே மட்டத்துக்கு வந்தால்தான் உருளை சுற்றும். சாவியின் வேலை அந்த ஏழு தூரங்களையும் ஒரே தள்ளலில் சரியாகக் கொடுப்பது. அதனால்தான் சாவி ஒரு சின்னக் குழாய். அதன் நுனியில் ஏழு பிளவுகள், ஒவ்வொன்றும் ஒரு ஆழம். பிளவு ஆழமானால் அந்த ஸ்லைடர் குறைவாகத் தள்ளப்படும், ஆழம் குறைந்தால் அதிகமாகத் தள்ளப்படும். குழாயின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூக்கு. அது சாவித்துளையின் ஓர வெட்டு வழியாக உள்ளே போய், உருளையைப் பற்றித் திருப்புகிறது. திரும்பியதும் மூடியின் அடியில் மாட்டிக்கொள்வதால் ஸ்பிரிங் சாவியை வெளியே தள்ள முடியாது.

குளிர்பான இயந்திரங்களிலும் சில சைக்கிள் பூட்டுகளிலும் வட்டச் சாவி பார்த்திருப்பீர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சாதி போலத் தெரியும். ஆனால் அந்த வட்டச் சாவிப் பூட்டின் உள்ளே இரண்டு துண்டான ஊசிகள், துண்டுகள் சேரும் இடம் மட்டத்துக்கு வர வேண்டும். இங்கே ஸ்லைடர் ஒரே துண்டு, வெட்டுதான் வழி விடுகிறது.

இனி என் அசட்டுத்தனம். உருளையின் அடிமூடியில் இரண்டு திருகுகள். ஸ்பிரிங் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும், மூடியை விரலால் அழுத்திப் பிடிக்காமல் இரண்டாவது திருகையும் எடுத்துவிட்டேன். ஸ்பிரிங் கூரையைப் பார்க்கப் போனது. ஸ்லைடர்கள் மேசையிலும் தரையிலும் சிதறின. ஏழையும் பொறுக்கி எடுக்க அரை மணி நேரம், கடைசி ஒன்று மிதியடிக்குள் கிடந்தது. எது எந்தப் பிளவில் இருந்தது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. சாவி இல்லாத பூட்டுக்கு எந்த வரிசையும் சரியான வரிசைதான். நான் எப்படிப் போட்டாலும் அதற்கேற்பத்தான் சாவி செய்யப்போகிறேன். லண்டனில் எங்காவது ஒரு இழுப்பறையில் இதன் பழைய சாவி கிடந்தாலும் இனி அது உதவாது. அன்றிலிருந்து இது புதுப் பூட்டு.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்த்தேன். பழைய கிரீஸ் உறைந்து அரக்கு மாதிரி ஆகியிருந்தது. பிறகு அளவு எடுக்க உட்கார்ந்தேன். என்னிடம் இருந்தது 0.02 மி.மீ. வரை காட்டும் சாதாரண வெர்னியர். தகட்டின் தடிமன் 0.9 மி.மீ. ஸ்லைடர் வெட்டின் அகலம் 1.1. ஆக இடைவெளி மொத்தம் 0.2, அதாவது ஒவ்வொரு ஸ்லைடரும் சரியான இடத்திலிருந்து மேலே 0.1, கீழே 0.1 வரை தவறலாம், அதற்கு மேல் அசைவில்லை. ஏழு ஸ்லைடர், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆழம் என்று வைத்தாலே 78,125 சாவிகள் சாத்தியம். இந்த எண்ணைச் சொல்லி வாய் பிளக்க வைப்பது சுலபம். என்னை வாட்டியதோ அந்த 0.1 தான். பூட்டின் பலத்தை எண்ணிக்கையில் தேடுவது விளம்பரக்காரர் வேலை என்று இப்போது நினைக்கிறேன். பலம் அந்த இடைவெளியின் குறுகலில் இருக்கிறது.

சாவிக்கு லேத் பட்டறையில் பித்தளைக் கம்பியைக் கொடுத்து வெளிவிட்டம் 5.5, உள்துளை 2.6 என்று கடைந்து வாங்கினேன். நடு ஊசி 2.5. ஏழு பிளவையும் எங்கே வெட்டுவது? கெட்டிக்காரத்தனமாக ஒரு காகிதப் பட்டையைக் குழாயில் சுற்றி, சுற்றளவு 17.3 மி.மீ.யை ஏழால் வகுத்துக் கோடு போட்டேன். உள்ளே விட்டுப் பார்த்தால் இரண்டு கோடுகள் மட்டும் ஸ்லைடருக்கு நேராக வந்தன. பிளவுகள் சமதூரத்தில் இல்லை, மூக்குக்கு இடம் விட்டுத் தள்ளி அமைந்திருக்கின்றன. பிறகு எளிய வழி: குழாயின் நுனியை விளக்குச் சுடரில் காட்டிக் கரி படியவைத்து, நேராக உள்ளே அழுத்தி எடுத்தேன். ஸ்லைடரின் பாதங்கள் ஏழு கீறல்களைக் கரியில் விட்டுவிட்டன. வகுத்தலுக்கு வேலையே இல்லை.

பிளவு வெட்ட 0.8 மி.மீ. அகலம் வேண்டும். நம் ஹேக்ஸா பிளேடு இதற்கு ஆகாது. தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் பத்தரிடம் போனேன். நகை வேலைக்கான மயிரிழை ரம்பமும், ஊசி அரங்களும் அவரிடம் உண்டு. மூக்கைப் பற்றவைக்க வெள்ளிப் பொடியும் ஊதுகுழலும் அவரிடம்தான்.

"தாலிக்கொடிக்குக் கண்ணி பத்தவச்சவன் நான். பூட்டுச் சாவிக்கு மூக்கு பத்தவைக்கச் சொல்றீங்க" என்றார். சொன்னாரே தவிர, வேலையை வாங்கிக்கொண்டார். வெட்டும்போது ஒவ்வொரு முறையும் வெர்னியரை எடுத்து நான் அளப்பதைப் பார்த்து, "நகம் போதும் தம்பி" என்றார். அவருக்குப் போதும்.

முதல் சாவி ஏழு பிளவோடும் தயார். பூட்டைச் சேர்த்து, சாவியை விட்டு அழுத்தித் திருப்பினேன். கல் மாதிரி நின்றது. அதிகம் தள்ளுகிறதா, குறைவாகத் தள்ளுகிறதா, ஏழில் எது தவறு, பூட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் தடுக்கும் பூட்டின் கொடுமை இதுதான். சாதாரண மலிவுப் பூட்டில் தடையை ஒதுக்கிவிட்டால் போதும், எவ்வளவு ஒதுக்கினோம் என்ற கேள்வியே இல்லை. இங்கே கூடுதலும் குறைவும் ஒரே முகத்தைக் காட்டுகின்றன.

பிறகு ஒரு யோசனை. எல்லா ஸ்லைடரையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டுச் சோதித்தேன். முதலாவது: திரும்பவில்லை. இரண்டாவது: இல்லை. ஏழும் இல்லை! ஏழும் தவறு என்றால் தவறு கையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. நோட்டைப் புரட்டினேன். தகட்டின் ஆழத்தை அதன் மேல் முகம் வரை அளந்திருக்கிறேன். ஸ்லைடரில் வெட்டின் கீழ் விளிம்பு வரை அளந்திருக்கிறேன். இரண்டின் நடுவையும் அல்லவா எடுத்திருக்க வேண்டும்? தகட்டில் பாதி 0.45, வெட்டில் பாதி 0.55, ஆக ஏழு ஸ்லைடரும் ஒரேயடியாக 1 மி.மீ. குறைவாகத் தள்ளப்படுகின்றன.

பிளவை வெட்டலாம், ஒட்ட முடியாது. சாவியை எறிய வேண்டியதுதான் என்று பத்தரிடம் புலம்பினேன். அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்கை ஏத்தி வச்சா?" என்றார்.

அட! சாவி எவ்வளவு உள்ளே போகும் என்பதை முடிவு செய்வது மூக்குதான். மூக்கை 1 மி.மீ. மேலே ஏற்றினால் குழாய் 1 மி.மீ. கூடுதலாக உள்ளே போகும், ஏழு தவறும் ஒன்றாகச் சரியாகும். வெர்னியரும் நோட்டும் இல்லாத மனிதர் ஐந்து விநாடியில் கண்டது. மூக்கைச் சூடாக்கிக் கழற்றி, ஏற்றிப் பற்றவைத்தார்.

மறுபடி ஒவ்வொன்றாகச் சோதனை. ஐந்து ஸ்லைடர்கள் வழுக்கிக்கொண்டு போயின. நான்காவது விநோதமாக நடந்தது. உருளை ஒரு மயிரிழை திரும்பியது, பிறகு இறுகியது. திறந்தேவிட்டது என்று குதித்தேன், அது என்னை ஏமாற்றியிருக்கிறது. ஸ்லைடரை வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் முதுகில் ஒன்றுக்கு இரண்டாக வெட்டுகள். ஒன்று முழு ஆழம், இன்னொன்று மேலோட்டமானது. நான் மேலோட்டமானதை அளந்து சாவி வெட்டியிருக்கிறேன்.

இதைப் பொய் வெட்டு என்று சொல்லலாம். பிராமாவின் முதல் பூட்டுகளில் இது கிடையாது. ரஸ்ஸல் என்ற பட்டறைத் தொழிலாளி 1817-இல் சேர்த்தது. யாராவது உருளையை லேசாகத் திருகிப் பிடித்துக்கொண்டு, இறுகும் ஸ்லைடரைத் தேடித் தள்ளினால், அது பொய் வெட்டில் போய் விழும். ஆள் 'இது முடிந்தது' என்று அடுத்ததற்குப் போவான். தன் சொந்தப் பெட்டியை, உள்ளே பிரித்துப் பார்த்தும் ஏமாந்த என்னை வைத்துப் பார்த்தால், ரஸ்ஸலின் வேலை நன்றாகவே நடக்கிறது.

ஆறாவது ஸ்லைடரில் வேறு சிக்கல். பிளவை 0.3 மி.மீ. அதிகமாக ராவிவிட்டேன். பத்தர் அந்தப் பிளவின் அடியில் ஒரு துளி வெள்ளிப் பற்று ஊற்றி நிரப்பினார். நான் திரும்ப ஊசி அரத்தால் ராவினேன், இந்த முறை மூன்று இழுப்புக்கு ஒரு அளவு. நான்காவதுக்கு அதிர்ஷ்டம்: உண்மையான வெட்டுக்குப் பிளவு இன்னும் ஆழமாக வேண்டும், அதாவது வெட்டினால் போதும்.

இப்படி ராவிக்கொண்டிருந்தபோதெல்லாம் ஹென்றி மாட்ஸ்லே என்ற பையன் நினைவுக்கு வந்தான். 1789-இல், 18 வயதில் பிராமாவிடம் வேலைக்குச் சேர்ந்தவன். கையால் ராவி இந்தப் பூட்டை ஒன்று செய்யலாம், நூறு செய்ய முடியாது என்பது பிராமாவுக்குத் தெரிந்திருந்தது. அதற்கான கருவிகளை மாட்ஸ்லே செய்தான். ஸ்பிரிங் சுற்றுவதற்கும் பிளவு வெட்டுவதற்கும் தனித்தனி இயந்திரம். வாரம் 30 ஷில்லிங் கூலியை உயர்த்தக் கேட்டு, மறுக்கப்பட்டு, 1797-இல் வெளியேறித் தன் சொந்தப் பட்டறையைத் தொடங்கினான். திருகு கடையும் லேத்துக்கு அவன் பெயரைத்தான் இன்று சொல்கிறார்கள். ஒரு பூட்டின் 0.1 மி.மீ. தொந்தரவிலிருந்து லேத் பட்டறை வரை வந்த பாதை அது.

அதே மாட்ஸ்லே கையால் உருவான 18 ஸ்லைடர் பூட்டு ஒன்றைப் பிராமா தன் கடைக் கண்ணாடியில் வைத்து, திறக்கும் கருவி செய்து காட்டுபவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயத் தங்க நாணயம்) பரிசு என்று பலகை மாட்டினார். 1814-இல் அவர் இறந்தார், பலகை அங்கேயே இருந்தது. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அதைத் திறந்தார். 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலை. இதைச் சொல்லிப் பூட்டு தோற்றது என்று முடிப்பார்கள். பரிசுப் பூட்டைச் சாவகாசமாக, அனுமதியோடு, கருவிகளைப் பொருத்தி வைத்துத் திறக்க 51 மணி நேரம் என்றால், இருட்டில் வரும் திருடனுக்கு அது தோல்வியா? இப்போது அந்தப் பூட்டு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹாப்ஸுக்கு வழி காட்டியதில் ஸ்பிரிங்குக்கும் பங்குண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்பிரிங் இருக்கும் வரை, எந்த ஸ்லைடர் இறுகுகிறது, எது துள்ளித் திரும்புகிறது என்று விரலுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வியன்னாவில் 1919-இல் தொடங்கிய எவ்வா நிறுவனத்தின் 3கேஎஸ் என்ற இன்றைய ஸ்லைடர் பூட்டில் அதையே எடுத்துவிட்டார்கள். அதன் சாவியில் பல் கிடையாது. இரண்டு முகத்திலும் ஒன்றையொன்று தாண்டி ஓடும் வளைந்த காடிகள். சாவி உள்ளே போகும்போது ஸ்லைடர்கள் அந்தக் காடிகளைப் பிடித்துக்கொண்டு, வண்டித்தடத்தில் சக்கரம் போல, ஏறவும் இறங்கவும் செய்கின்றன. தள்ளுவதும் சாவி, இழுப்பதும் சாவி. எல்லாம் இடத்துக்கு வந்தால் பக்கவாட்டுக் கம்பிகள் ஸ்லைடர்களின் வெட்டுக்குள் இறங்கி உருளைக்கு வழி விடுகின்றன. உருவம் முற்றிலும் வேறு. 'கூடினாலும் இல்லை, குறைந்தாலும் இல்லை' என்ற பிடிவாதம் மட்டும் அப்படியே.

என் பூட்டுக்கு வருகிறேன். ஏழையும் போட்டு, ஸ்பிரிங்கை இம்முறை விரலால் அழுத்திப் பிடித்து மூடி, சாவியை விட்டேன். அழுத்தும்போது ஏழு பாதமும் ஒவ்வொன்றாகச் சாவியில் வந்து உட்காருவது கையில் தெரிகிறது. திருப்பினேன். பாதிச் சுற்றில் லேசான கரகரப்பு, பிறகு தாழ் 'டக்' என்று வெளியே வந்தது. எதிர்ச்சுற்றில் உள்ளே போனது. இருபது தடவை பூட்டித் திறந்த பிறகு மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கரகரப்புக்குக் காரணம் ஐந்தாவது ஸ்லைடர். பிளவில் கொஞ்சம் இறுக்கம், சாவியை எடுத்த பிறகு ஸ்பிரிங் தள்ளியும் சில நேரம் பாதியிலேயே நிற்கிறது. எண்ணெய் விட்டால் மறுபடி அரக்காகும் என்பதால் பென்சில் கரியைச் சுரண்டிப் போட்டிருக்கிறேன். மழைநாளில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது சாவிக்குக் குழாய் கடைந்து வந்துவிட்டது. மூக்கை எங்கே வைப்பது என்று இந்த முறை முதலிலேயே பத்தரைக் கேட்டுக்கொண்டேன்.